ஐந்து மாத இடைவெளி

காபி ஆறும்வரை பேப்பரை விடாத என் அப்பாவுக்கு,

பாகலூர் ரோட்டில் இப்போது கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய் முடிந்த பிறகுதான் நாம் கடக்க முடியும். நீங்களாக இருந்தால் கையைக் காட்டி நிறுத்தியிருப்பீர்கள். போன வாரம் அப்படிக் காத்துநின்று, நீங்கள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தேன். உங்கள் கேள்விக்குப் பதில் தேடித்தான்.

நீங்களும் சித்தப்பாவும் ஒரே நாளில் தொழிற்சாலையில் சேர்ந்தபோது, இருவரின் பள்ளிச் சான்றிதழையும் பார்த்து டைம் கீப்பர் சிரித்தாராம். "ஏம்ப்பா, நீ ஜனவரி, உன் தம்பி அதே வருசம் ஜூன். ஒரே அம்மாவுக்கு அஞ்சு மாசத்துல ரெண்டு புள்ளையா? இதுல தத்துப்புள்ள யாரு?" அன்றிலிருந்து கேண்டீனில் உங்கள் பெயர் 'தத்து'. நீங்களே அதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். நாங்களும் சிரித்தோம்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "நெசமாவே நான் எங்கம்மாவுக்குப் பொறந்தவன்தானாம்மா?" என்று கேட்டீர்களே. "என்னப்பா பேச்சு இது" என்றேன். அது பதில் இல்லை.

தலைமையாசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். உங்கள் பெயர், அடுத்த வரியில் சித்தப்பா பெயர். ஒரே நாள், ஒரே வகுப்பு. பிறகுதான் அந்தப் பக்கம் முழுவதையும் பார்த்தேன். அன்று சேர்ந்த பிள்ளைகள் எல்லாருமே ஜனவரி முதல் தேதி பிறந்திருந்தார்கள். இல்லாவிட்டால் ஜூன் முதல் தேதி.

சிரிப்பு வந்தது, அப்பா. பிறகு வெட்கம். டீச்சராக இருந்தபோது நானும் அதைத்தானே செய்தேன்? தேதி தெரியாத பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொடச் சொல்வேன். தொட்டுவிட்டால் ஐந்து வயது. அதற்கேற்ப ஒரு தேதி. நாட்றாம்பாளையத்தில் ஓர் அக்கா தங்கைக்கு ஒரே தேதியை எழுதியிருக்கிறேன். அவர்களை யார் என்ன கேட்டுச் சிரித்தார்களோ?

ஆனால் அண்ணனும் தம்பியும் ஏன் ஒரே நாளில் சேர்ந்தீர்கள்? நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

"உங்கப்பன் எங்க சேர வந்தான்? ஆடு மேய்ச்சிட்டிருந்தவன், என்னைக் கொண்டாந்து உட வந்தான். நான் அவன் சட்டையப் புடிச்சவன் உடவே இல்ல. வாத்தியாரு பார்த்தாரு, ரெண்டு பேரும் உக்காருங்கடான்னுட்டாரு."

அந்தத் தத்துக் கேலியை நீங்கள் நிஜமென்று நினைத்து ஆஸ்பத்திரியில் கேட்டதைச் சொன்னேன். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவன் சொன்னது? நான் பொறக்கறப்ப அவனுக்கு ரெண்டு வயசு. 'உன்னச் சுளுவா பெத்துட்டேன், பெரியவனுக்குத்தான் மூணு நாள் வலி'ன்னு எங்கம்மா எத்தனை தடவை சொல்லியிருக்குது."

"அப்பாகிட்ட இதைச் சொல்லியிருக்கலாமே சித்தப்பா?"

"அவன்தான் கூடச் சேர்ந்து சிரிப்பானே கண்ணு. மனசுல வச்சிருந்தான்னு எனக்கு யாரு சொன்னா?"

சித்தப்பா காபியைத் தள்ளி வைத்துவிட்டார்.

உங்கள் பேத்திக்காகக் குடும்ப வரலாறு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஜனவரியும் இருக்காது, ஜூனும் இருக்காது. 'மூன்று நாள் வலியில் பிறந்த மூத்தவன். இரண்டு வருடம் கழித்து, அவன் சட்டையை விடாத தம்பி.' இப்படித்தான் எழுதுவேன். நாட்றாம்பாளையத்து அக்கா தங்கையையும் தேடிப்போய், அந்தத் தேதி என் கை எழுதியது என்று சொல்வேன். இரண்டும் உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மகள்,
உங்கள் அம்மாவின் பேத்தி.