இறக்காமல் திருப்பிய விமானம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். நீயும் சுகம் என்று போனில் ஒற்றை வார்த்தை அனுப்பியிருந்தாய், அதை உன் அம்மா திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, இவ ஒழுங்கா சாப்பிடுறதே இல்ல என்றாள். ஒரு வார்த்தையை வைத்து இதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று என்னைக் கேட்காதே. கூப்பிட்டால் டியூட்டியில இருக்கேன்ப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், இதைப் பாதியில் துண்டிக்க முடியாது பார்.

முதலில் கடைச் செய்தி. நம் சலூனுக்கு வருவானே ரேடியோ, வாயை மூடவே மாட்டானே, அவன் போன வாரம் மீசையை எடுத்துவிடச் சொல்லி வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் சும்மா இருக்கக்கூடாதா, விமானம் ஓட்டுறதெல்லாம் ஒரு வேலையாண்ணே, பட்டனைத் தட்டிவிட்டா அதுவே போயிடும், உங்க பொண்ணு காலாட்டிக்கிட்டே சம்பளம் வாங்குது என்றான். மீசையில் பாதியை வழித்துவிட்டுக் கத்தியைக் கழுவி வைத்தேன், பேப்பரை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னதை வாபஸ் வாங்கினால்தான் மறுபாதி என்றேன். கடையே சிரித்தது, அவனும் வாபஸ் வாங்கிக்கொண்டான், வேறு வழி?

அவனுக்கு என்ன தெரியும், நான் கண்ணால் பார்த்தவன். உன் அக்காவுக்குப் பிரசவம் நெருங்கியதும் எங்களை நீ ஓட்டும் விமானத்திலேயே ஏற்றிக் கூட்டிப்போனாயே, அன்றைக்கு நீ முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், பின்னால் நடந்தது உனக்குத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே பனி. இதோ இறங்கிவிட்டோம் என்று எல்லோரும் செருப்பைத் தேடும் நேரத்தில் குபீரென்று மேலே ஏற்றிவிட்டாய், உன் அம்மா பிடித்த பிடியில் என் கையில் நகம் பதிந்துவிட்டது. மறுபடி இறக்கப் பார்த்து மறுபடியும் ஏற்றினாய். பிறகு ஓடுபாதை தெரியவில்லை, வேறு ஊரில் இறங்குகிறோம் என்று உன் குரல் கேட்டது. அங்கே இறங்கியதும் பயணிகள் போனைப் போட்டார்களோ இல்லையோ, முன்னால போன விமானம் இறங்கிடுச்சாமே, இந்தம்மாவுக்கு மட்டும் என்ன கேடு, பொம்பள ஓட்டினா இப்படித்தான் என்று ஒருவர் ஆரம்பித்தார். உன் அம்மா எழுந்துவிட்டாள். அவ நான் பெத்த பொண்ணு, நானும் இவரும் இதுலதான் உட்கார்ந்திருக்கோம், எங்களை வச்சுக்கிட்டு விளையாடுவாளா என்று கேட்டாள் பார்!

இறங்கும்போது கதவருகில் நின்று ஒவ்வொருவரிடமும் மன்னிச்சுக்குங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாய். என் முறை வந்தபோது என்னிடமும் மன்னிச்சுக்குங்க சார் என்றாய். பெற்ற அப்பன் முகம்கூடப் பிடிபடாத அளவுக்குக் களைத்திருந்தாய் அம்மா. ஏசி குளிரில் நாங்கள் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தோம், உன் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. பனி விலகினதும் நீயே கூட்டிப்போவாய் என்று பார்த்தால், அவங்க வேலை நேரம் முடிஞ்சிடுச்சு, இனிமே ஓட்டக்கூடாது என்றாள் பணிப்பெண். நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பேத்தி பிறந்துவிட்டாள்.

அக்கா உன்னிடம் போனில் பேசியதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். எல்லாரும் இறக்குறாங்க, உனக்கு மட்டும் பயமா, அம்மா இல்லாம நான் தனியா கிடந்தேன்டி என்று கத்தினாள். வலியில் கிடந்தவள், அவளையும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. நீயோ அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டாய். அக்கா ஊர்ப் பக்கமே எனக்கு டியூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாயாமே. உன்கூட வேலை பார்க்கும் பெண் அம்மாவிடம் உளறிவிட்டாள், அவளைத் திட்டாதே. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, நீ ஏதோ தப்பு செய்தவள் மாதிரி ஒதுங்கிப் போகிறாயே என்று.

இப்போது சொல்லப்போவதை நிதானமாகப் படி. நாங்கள் அக்கா வீட்டிலிருந்து கிளம்புமுன் ஒருநாள் அவள் தன் டாக்டரம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். சுகப்பிரசவம் ஆகும் என்று காத்திருந்தார்களாம், குழந்தையின் நாடித்துடிப்பு குறைகிறது என்றதும் அந்த அம்மா உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டாராம், அவங்க எனக்கு சாமிம்மா என்றாள். குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்த உன் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இது சரிப்படாதுன்னு தெரிஞ்சதும் நிறுத்தினாங்களே அவங்க சாமி, அதையே செஞ்ச உன் தங்கச்சி மட்டும் எதிரியா, அவ வீம்புக்கு இறக்கியிருந்தா இந்தத் துணியை இப்ப யாருடி மடிப்பா என்று கேட்டாள். அக்கா குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள்.

நேற்று அவளே கூப்பிட்டாள். குழந்தையோடு இங்கே வரப்போகிறாள். டிக்கெட் வாங்கப் போன மாப்பிள்ளையைத் தடுத்துவிட்டாளாம். என் தங்கச்சி ஓட்டுற விமானமா இருந்தாத்தான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஏறுவேன், தேதி அவளே சொல்லட்டும், கூப்பிட எனக்குக் கூச்சமா இருக்கு, நீங்க எழுதுங்கப்பா என்றாள். ஆகவே எழுதிக் கொடுத்ததை வாபஸ் வாங்கு. இல்லாவிட்டால் உனக்கும் பாதி மீசைதான்.

பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லி எனக்குப் பழக்கமில்லை, ஆனாலும் சொல்கிறேன். எங்களைப் பத்திரமாகத் தரையில் வைத்தாயே, நன்றிம்மா. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன்னை நம்பி ஏறுகிற அத்தனை பேரும் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, தூக்கம் போதாமல் வேலைக்குப் போகாதே. இன்னொன்று, அக்கா முக்கியமாக எழுதச் சொன்னாள்: அன்னிக்கும் பனியா இருந்தா, பிள்ளை இருக்குன்னு பார்க்காம திருப்பிக்கிட்டுப் போயிடச் சொல்லுங்க, நான் பஸ்ஸில வந்துக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தேதிக்காகக் காத்திருக்கும்
அப்பா