சாராயக் குடமும் எட்டடி மேசையும்

ஜனவரி 8, 2025, புதன்

காலையில் சூப் டுரீனை இறக்கித் துடைத்தேன். மூடியோடு கூடிய பெரிய பீங்கான் பாத்திரம், இரண்டு பக்கமும் பிடி. இந்த வீட்டில் சூப் வைத்தது ஒரே ஒரு தடவை, மகள் மானசாவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது. அதையும் எவர்சில்வர் டம்ளரில்தான் கொடுத்தேன்.

மாட்டுங்காவில் ஒரு பெட்ரூம் வீடு. அதில் வெள்ளி முலாம் போட்ட பரிமாறும் தட்டுகள் ஆறு, கிரேவிக் கிண்ணம் இரண்டு, கேக் ஸ்டாண்ட் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, அலமாரியின் தலையில், என் ஒயின் கூலர். பனிக்கட்டியைக் கொட்டி ஒயின் பாட்டிலை நிற்க வைக்கிற ஜாடி. செம்பின் மேல் வெள்ளி முலாம், வயிற்றில் ஏதோ துரை வீட்டுச் சின்னமாக ஒரு பறவை. கொக்கா நாரையா என்று நான்கு வருஷமாக யோசிக்கிறேன். வீட்டில் இல்லாதது டைனிங் டேபிள் மட்டும்தான். அதைப் போட்டால் நாங்கள் வெளியே நிற்க வேண்டும்.

இந்த நோட்டில் ஒரு விதி. சாதாரண நாளில் ‘அவர்’. கோபம் வந்தால் ‘வெங்கடராமன்’. முப்பத்திரண்டு வருஷமாக வாயால் சொல்லாத பெயரை எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது. இன்றைக்கு அவர்.

ஜனவரி 11, சனி

வெங்கடராமன், வந்த விருந்தாளியிடம் என் கூலரைக் காட்டி, “அது ருக்குவோட சாராயக் குடம்” என்றார்.

ஜனவரி 14, செவ்வாய் — பொங்கல்

சர்க்கரைப் பொங்கலை முலாம் போட்ட தட்டில் வைத்து, மேலே முந்திரியை வட்டமாக அடுக்கினேன். ராஜா வீட்டுப் பொங்கல் மாதிரி இருந்தது. அவர் பார்த்தார். எழுந்து போய் எவர்சில்வர் தட்டை எடுத்து வந்தார். உருளியில் ஒட்டிக் கிடந்ததைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அதுல என்னென்ன மாமிசம் வெச்சிருந்தானோ, யாருக்குத் தெரியும்?”

கோபமாகச் சொல்லவில்லை. ரயில்வே ஆபீசில் அவர் பில் திருப்பி அனுப்புகிற குரல் அது. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எவ்வளவு ஆசையாக அடுக்கினேன்! அந்தத் தட்டுப் பொங்கலை நான் ஒருத்தியே தின்று தீர்த்தேன். வயிறு இப்போதும் கனக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

ஷைஸ்தா போன் பண்ணினாள். சோர் பஜாரில் பழைய பாத்திரக் கடை வைத்திருக்கிறவள். என் சாமான்களில் பாதி அவள் கடையிலிருந்து வந்தவை. செம்பூரில் ஒரு ஹாலில், பிப்ரவரி 16 ஞாயிறு, பழம்பொருள் சேர்ப்பவர்களின் கண்காட்சியாம். அதில் ‘விருந்து மேசை’ என்று ஒரு பிரிவு. ஆளுக்கு ஒரு மேசை கொடுப்பார்கள், நம் சாமானை வைத்து அலங்கரிக்க வேண்டும்.

“எத்தனை அடி மேசை?” என்று கேட்டேன்.

“எட்டு அடி, ஆன்ட்டி. சஃபேத் சாதர் கே சாத்.”

வெள்ளை விரிப்பு போட்ட எட்டடி மேசை, ஒரு நாள் முழுக்க எனக்கு. நடுவில் கூலர்தான் என்று அவளே சொன்னாள். “உசி கே லியே புலாயா ஹை. பாலிஷ் மத் கர்னா, ஜைசா ஹை வைசா லானா.” அதற்காகவே கூப்பிட்டதாம், பாலிஷ் போடாமல் அப்படியே கொண்டுவர வேண்டுமாம். பழைய சாமானுக்கு அந்த மங்கல்தான் அழகு என்று எனக்குப் பாடம் எடுத்தவளும் இவள்தான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பழைய பேப்பரை ஒட்டி எட்டடிக்கு இரண்டரை அடி மேசை செய்து பெட்ரூம் தரையில் விரித்தேன். எதை எங்கே வைப்பது என்று மூன்று மணி நேரம் ஒத்திகை. அவர் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. டுரீனைத் தாண்டி, கிரேவிக் கிண்ணத்தைச் சுற்றி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். ஒன்றையும் மிதிக்கவில்லை. திரும்பி வரும்போது நின்று பார்த்தார்.

“இவ்வளவு பெரிய மேசைல யாருடி சாப்பிடப் போறா?”

“யாரும் இல்லை. பாக்கறதுக்குத்தான்.”

“பரிமாறாத இலை மாதிரின்னா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஏன்?

பிப்ரவரி 12, புதன்

மானசாவுக்குக் காய்ச்சல். செம்பூர் போகிறேன், இரண்டு நாள். ரசப்பொடி எங்கே, பால்காரர் எப்போது, எல்லாம் சொல்லியாச்சு. கூலரைப் பழைய புடவையில் சுற்றி அலமாரி மேலேயே வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 13, வியாழன் (செம்பூர்)

போன் வந்தது. ரசப்பொடி கேட்பார் என்று நினைத்தேன்.

“அந்தக் குடத்துக்கு உள்ளே ஈயம் இருக்கோ?”

“இருந்தது. தேஞ்சுபோய் செம்பு தெரியறது. ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

சும்மா கேட்கிற மனிதர் இல்லையே இவர்.

பிப்ரவரி 14, வெள்ளி

வெங்கடராமன். வெங்கடராமன். வெங்கடராமன்.

கதவைத் திறந்தவுடன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஹாலில் ஸ்டூல் போட்டு, அதன் மேல் என் கூலரை வைத்திருந்தார். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. உள்ளும் புறமும் வெள்ளை வெளேரென்று, கல்யாண வீட்டு அண்டா மாதிரி பளபளவென்று நின்றது.

“குர்லா வரைக்கும் போய் ஈயம் பூசிண்டு வந்தேன். வெளியும் சேர்த்துப் பூசுன்னேன். அந்தப் பையன் ‘வெளியே வேண்டாம் அங்கிள்’னான். விடலையே நான்.”

விடவில்லையாம்! மணல் போட்டுத் தேய்த்து, நெருப்பில் வாட்டி, நவச்சாரம் போட்டு, முலாம் மொத்தமும் போச்சு. வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். பறவை இல்லை. கொக்கோ நாரையோ, பறந்துவிட்டது.

கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. நாளை மறுநாள் கண்காட்சி, இப்படியா பண்ணுவேள், யாரைக் கேட்டுண்டு பண்ணினேள், நூறு வருஷத்து சாமான், இதைக் கொண்டுபோய் வைத்தால் சிரிக்கமாட்டாளா... என்னென்ன சொன்னேனோ. அழுகைதான் வந்தது.

அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். நான் ஓய்ந்த பிறகு, “நெருப்புல போட்டெடுத்த பாத்திரத்துக்கு தோஷம் கிடையாதுடி” என்றார். “சாராயம் வெச்சதெல்லாம் போயிடுத்து. இனிமே இதுல நீ எது போட்டாலும் நான் சாப்பிடலாமோல்லியோ? அதுக்குத்தான் பூசினேன்.”

கோபம் அப்படியே இருக்கிறது, அதை வைக்க இடம்தான் இல்லை.

பிப்ரவரி 15, சனி

ஷைஸ்தாவுக்குப் போட்டோ அனுப்பினேன். பத்து நிமிஷம் பதில் இல்லை. பிறகு போன். “ஆன்ட்டி, யே கிஸ்னே கியா?” யார் பண்ணினது இது என்றாள்.

“மேரே ஹஸ்பண்ட் னே.”

“ஜிந்தா ஹைன்?” உயிரோடுதான் இருக்கிறாரா என்று கேட்டாள்.

அந்த மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டேன். மற்ற சாமான்களை வைத்து வா என்று கெஞ்சினாள். நடுவில் ஒன்றும் இல்லாமல் எப்படி வைப்பது? மாட்டேன் என்றேன். வெங்கடராமனோடு பேச்சு இல்லை. காபியை ஸ்டூலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் குளித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். செம்பூரில் இந்நேரம் விரிப்பு போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் பெட்ரூமிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வந்தார். பார்த்தால் என் பேப்பர் மேசை. மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்ததை ஹால் தரையில் விரித்தார். கிழிந்த மூலையை செலோடேப் போட்டு ஒட்டினார். மேலே வெள்ளை வேட்டி ஒன்றை விரித்தார். எட்டு முழ வேட்டி, இரண்டு பக்கமும் வழிந்தது.

“உன் மேசை” என்றார். “சாமானை நீ வை. எனக்கு எங்க எது வைக்கறதுன்னு தெரியாது.”

வைத்தேன். வேறென்ன செய்வது? டுரீனில் சாம்பார், நீளத் தட்டில் வாழைக்காய் வறுவல், கிரேவிக் கிண்ணத்தில் இஞ்சிப்புளி, கேக் ஸ்டாண்டில் வடை. நடுவில் கூலர், அதில் தக்காளி ரசம். ஈயப் பாத்திரத்தில் கொதித்த ரசம் மாதிரியே ஒரு மணம்.

அவர் சட்டையைக் கழற்றி, கையைக் காலை அலம்பி, எட்டடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எவர்சில்வர் தட்டைத் தேடவில்லை. நானே நீட்டின முலாம் தட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினார். இதற்கு ஈயம் பூசவில்லையே. “சரி, போடு” என்றார்.

மூன்று தடவை ரசம் கேட்டார்.

“உப்பு ஒரு கல் கம்மி” என்றார்.

கம்மிதான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

முலாமைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா என்று கேட்க குர்லா போனேன். பூசினவன் பெயர் ஜீஷான். வழி இல்லை என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிட்டான். பாவம், அவன் மேல் தப்பில்லை. கடை முழுக்க ஆள் உயரத்துக்கு அண்டாக்கள். எதற்கு என்று கேட்டேன்.

“பிரியாணி கா ஹை, ஆன்ட்டி. ஷாதி கா சீசன்.” கல்யாண சீசனாம்.

மட்டன் பிரியாணி அண்டாவும் என் கூலரும் ஒரே அடுப்பில், ஒரே பஞ்சில், ஒரே கையால். சாராய தோஷம் போக்க இவர் தேடிப் பிடித்த இடம் இது! ரயிலில் வரும்போது சிரிப்பை அடக்கப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். எதிரில் இருந்த அம்மாள் என் பல்லுக்கு வலி என்று நினைத்து லவங்கம் கொடுத்தாள்.

அவரிடம் சொல்லலாமா? சொன்னால் கூலர் மறுபடி அலமாரி மேலே போய்விடும். இது இந்த நோட்டோடு இருக்கட்டும்.

மார்ச் 2, ஞாயிறு

கூலரில் மோர்க்குழம்பு. மானசா வந்திருந்தாள். “அம்மா, அப்பா கோ க்யா ஹோ கயா?” அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று என் காதில் கேட்டாள். மனிதர் வேட்டியை இஸ்திரி போட்டு விரித்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 23, ஞாயிறு

காய்கறி வாங்கப் போனவர் நாலு மணி நேரம் கழித்து வந்தார். கையில் காய்கறி இல்லை, ஒரு பேப்பர் பொட்டலம். குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சோர் பஜார் போயிருக்கிறார், தனியாக, ஷைஸ்தாவின் கடைக்கு.

பிரித்தேன். வெள்ளி முலாம் போட்ட இடுக்கி, முனையில் கோழிக்கால் மாதிரி நகம். கறுத்துப்போய், மங்கி, அத்தனை அழகு.

“அப்பளம் எடுக்கறதுக்குத்தானே இது?”

ஒயினுக்குப் பனிக்கட்டி எடுக்கிற இடுக்கி. “ஆமாம், அப்பளத்துக்குத்தான்” என்றேன்.

“குர்லாவுக்குத்தான் டிக்கெட் எடுத்தேன். ஆனா மாட்டுங்காவிலேயே இறங்கிட்டேன். உன்னைக் கேக்காம பூசப்படாதுன்னு அப்படியே கொண்டுவந்துட்டேன்.” கொஞ்சம் தயங்கி, “பூசணுமா?” என்றார்.

“வேண்டாம்னா. இப்படியே இருக்கட்டும்.”

“சரி” என்று சொல்லி, அடுப்பில் எண்ணெய் வைக்கப் போனார் அவர்.