இல்லை என்பவன் வீட்டு மஞ்சள் முடிச்சு

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள வாஹித் பாஷா,

பெங்களூரில் மகன் வீட்டில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். என் வீட்டில்தான் என்னவோ நடக்கிறது. போனில் பேசினால் என் மனைவி கண்ணம்மாள் காதில் விழும் என்பதால் எழுதுகிறேன். ஸ்பீடு போஸ்டில் வியாழனுக்குள் வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை வேலூரில் எனக்கு இதய ஆபரேஷன். அது எத்தனை மணிக்கு என்று நேற்று மூன்று தரம் கேட்டாய். கத்தி பிடிக்கப்போவது நீயா? உனக்கு எதற்கு மணி? அன்றைக்கு ஜும்மா தொழுகை, அதில் எனக்காக வேண்டப் பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியாதா பாய்? அதனால்தான் தெரியாது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

உன் தங்கை அக்தரி பேகம் மூட்டுவலிக்கென்று கொடுத்தனுப்பிய தண்ணீர் கேன் மேலும் எனக்குச் சந்தேகம். எனக்கு ஏது மூட்டுவலி? கண்ணம்மாள் தினமும் மாத்திரைக்கு முன்னால் அதில் ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கிறாள். கேட்டால், "தண்ணிதானே, குடிச்சா இன்னா ஆய்டும்" என்கிறாள். தோல் கம்பெனியில் உன்னோடு முப்பது வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டவனுக்கு மக்காவிலிருந்து வரும் ஜம்ஜம் தண்ணீர் தெரியாதா?

கண்ணம்மாள் விஷயம் இன்னும் மோசம். ஐயர் இல்லாமல் மாலை மாற்றி வந்தவள், முப்பத்துநாலு வருஷமாக ஒரு சாமி படம் கேட்டதில்லை. இப்போது செவ்வாயானால் கறி வேண்டாம் என்கிறாள். போன வாரம் வேலூரில் டெஸ்டுக்கு என்னை உட்கார வைத்துவிட்டு, லாங் பஜாரில் துண்டு வாங்கப் போகிறேன் என்று போனாள். இரண்டு மணி நேரம் கழித்து வந்தபோது கையில் துண்டு இல்லை. சேலையில் கற்பூர வாசனை.

இன்று காலை அவள் குளிக்கப் போனதும் வீட்டைச் சோதனை போட்டேன். அரிசி டிரம்மில் கையை விட்டால், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய். எந்தச் சாமிக்கோ எனக்காக நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

அவளிடம் கேட்டே விடுவது என்றுதான் அதை எடுத்தேன். அப்போது ஆஸ்பத்திரி கவுண்டர் ஞாபகம் வந்தது. அங்கே மதம் கேட்டார்கள். நாத்திகன் என்றேன். "அப்டின்னா இன்னா சார், கிறிஸ்டியனா?" என்றாள் அந்தப் பெண். விடுவேனா? வடமொழியில் 'அஸ்தி' என்றால் உண்டு, 'ந அஸ்தி' என்றால் இல்லை. முன்பு அது வேதத்தை ஏற்காதவர்களைத் திட்டிய வசவு, சமணரும் பௌத்தரும் வாங்கிக் கட்டிக்கொண்டது. பிறகுதான் கடவுளை மறுப்பவன் என்று ஆனது, நாங்கள் அதைப் பட்டமாகப் போட்டுக்கொண்டோம் என்று விளக்கினேன். வரிசை முணுமுணுத்தது. கண்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அது பயம். நெஞ்சைக் கிழிக்கப்போகிற இடத்தில் நின்று இல்லை, இல்லை என்கிறானே என்ற பயம்.

என் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். குழந்தை செத்த அன்று மாரியாத்தா படத்தைக் கிணற்றில் எறிந்தவள், சாகும்வரை கும்பிடவில்லை. அதை நாத்திகம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. நான் படித்து, யோசித்து, சண்டை போட்டு இல்லை என்றவன். அவள் அழுது அழுது சொன்னாள். இரண்டும் ஒன்றல்ல வாஹித்.

முடிச்சைத் திரும்ப அரிசிக்குள் வைத்துவிட்டேன், முன்பைவிட ஆழமாக.

வெள்ளிக்கிழமை எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் கண்ணம்மாளும் அக்காவைப்போல அந்த ரூபாயைத் தெருவில் எறிந்துவிடுவாள். ஆபரேஷனைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. நீ வந்து பேசு. அல்லா என்பாயோ, ஆத்தா என்பாயோ, அவளைக் கைவிடவில்லை என்று சொல். நான் சொன்னால் சிரிப்பாள், நீ சொன்னால் நம்புவாள். நான் இல்லாத வீட்டில் அவளுக்கு யாராவது இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் வாயால் 'முன்கிர்', மறுக்கிறவன், என்று பேர் வாங்கிய
இளம்பரிதி

பி.கு: பன்னிரண்டரைக்கு ஆரம்பம். மூன்று மணி நேரம் ஆகுமாம். நீ கேட்டாயே என்று சொல்கிறேன், வேறொன்றுமில்லை.