அம்மோனியா வாடை

மெஹியோனெஸ்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள எதெல்மிரா,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? சிலோயேவில் மழை விட்டிருக்காது. முழங்கால் வலியோடு விறகு பிளக்காதே, உன் தம்பியைக் கூப்பிடு. எனக்கு ஒரு குறையுமில்லை.

செவ்வாயன்று மின் நிலையத்தில் ஒரு வேடிக்கை. டர்பைன் புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடை முறிக்க, அம்மோனியாவைக் கலந்து தேனடை போன்ற வினையூக்கிக் கட்டிகள் வழியே விடுகிறோம் அல்லவா? அந்தக் கட்டிகள் பாதி செத்துவிட்டன. புதிது கேட்டால், "அம்மோனியாவைக் கூட்டுங்கப்பா, திரையில புகை அளவு எண் பச்சையா இருந்தா போதும்" என்கிறார்கள் மேலதிகாரிகள். எண் பச்சையாகத்தான் இருக்கிறது. அழுத்தம் தாங்காமல் குழாய்கள்தான் கசிகின்றன.

அன்றைக்கும் கசிந்தது. கசிவு காட்டும் கருவி அலறுவதற்குள் வாடை பிடித்து எல்லோரும் ஓடிவிட்டார்கள். நான் மட்டும் நின்று நட்டு முடுக்கிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் எராஸ்மோ திரும்பி வந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். "ஏண்டா, உன் மூக்கென்ன கல்லுல செஞ்சதா? சாகறதுக்கா நிக்கிற?" அன்றிலிருந்து என் பெயர் கல்மூக்கன். மருத்துவரும் மூக்கைப் பார்த்தார். இதற்கு மருந்தில்லையாம், சாப்பாட்டுக்குத் தடையில்லையாம்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. புகைபோட்ட சிப்பி வேண்டாம், எராஸ்மோதான் தின்கிறான். உன் கழுத்துத் துணியைத் துவைக்காமல் அனுப்பச் சொல்வேனே, இனி துவைத்தே அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.

உன்
நொல்பெர்த்தோ