டாக்கோ கடையில் உன் தங்கைக்கு நடந்தது

அன்பு மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே, இடது கையால் எழுதுகிறேன், மூன்று நாளாக எழுதுகிறேன். வலது கையில் மாவுக்கட்டு. கடையில் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன் என்று போனில் உன்னிடம் சொன்னது பொய். அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டியதும் பொய்தான், அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, நீயும் பாதியில் வைத்துவிட்டு விமானம் ஏறிவிடுவாய். அதனால் இதைக் கடைசி வரைக்கும் உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு மாப்பிள்ளை எங்களை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். கார் விற்கிற கம்பெனியில் அவருக்கு மேலாளர் பதவி வந்திருந்தது. கடைவீதியில் செருப்புக் கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு மெக்சிகோ சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறது, அங்கே டாக்கோ என்று ஒன்று கொடுக்கிறார்கள், ஊரே பேசுது மாமா, நீங்க ரெண்டு பேரும் அவசியம் வரணும் என்றார். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கறிக்கடையில் மூச்சு விட நேரம் இருக்காது, அது உனக்கே தெரியும். ஆனாலும் மாப்பிள்ளை வாயால் கூப்பிட்டிருக்கிறாரே என்று பதினோரு மணிக்கே கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுக் கிளம்பினேன். அம்மா கைத்தடியை எடுத்துக்கொண்டாள், முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கடை பார்க்க அழகாகத்தான் இருந்தது, சுவரெல்லாம் பெரிய பெரிய தொப்பி வரைந்து, நாற்காலி ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில். கல்லாவில் நாமே போய் வேண்டியதைச் சொல்லிவிட்டு, நம்பர் போட்ட இரும்புத் தண்டு ஒன்றை வாங்கி வந்து மேஜையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். எங்களுக்குப் பதினேழு. இருபத்து மூன்றுக்குச் சாப்பாடு வந்தது, இருபத்தைந்துக்கும் வந்தது, பதினேழை மறந்தே போனார்கள். முக்கால் மணி நேரம். மாப்பிள்ளை முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, விரல் மட்டும் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தது. உன் தங்கை, நம் குட்டி, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்ததும் ஒன்றும் பிரமாதமில்லை. மடித்த சோள ரொட்டி, எடுத்தவுடன் நடுவில் உடைகிறது. உள்ளே இருந்த கறி தோள்பட்டைக் கறி, நரம்போடு சேர்த்து நீளவாக்கில் நறுக்கியது, முந்தின நாளே வேகவைத்துத் திரும்பச் சூடு காட்டியது. நாற்பது வருஷம் கறி வெட்டினவனை ஏமாற்ற முடியுமா. சாம்பல் நிறத்தில், ஆறிப்போய், அடியில் தண்ணீர் விட்டுக் கிடந்தது. உப்பும் இல்லை. அம்மா ரொட்டிக்குள் திணித்திருந்த கீரை இலைக்குள் விரலை விட்டுக் கிளறிப் பார்த்துவிட்டு, இதுல கறியைத் தேட டார்ச் லைட்டும் சேர்த்துக் குடுப்பாங்களா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குட்டிக்கும் உதடு துடித்தது, ஆனால் அவள் முதலில் புருஷன் முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டுச் சிரிப்பை விழுங்கினாள். நம் வீட்டில் சிரிப்பை அடக்கத் தெரியாதவள் அவள் ஒருத்திதான், பள்ளிக்கூடத்தில் அதற்காகவே வெளியே நின்றவள். எனக்கு அங்கேயே என்னவோ உறுத்தியது.

சாஸ் கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினாள், முழுக்கை சட்டை மேலே ஏறியது. மணிக்கட்டுக்கு மேலே கன்றிப்போன தடம் நான்கு, அடிப்பக்கம் ஒன்று. நான்கு விரல், ஒரு கட்டைவிரல். தம்பி, அடிபட்ட சதை எத்தனை நாள் ஆனது என்று நிறத்தை வைத்துச் சொல்கிற தொழில் எனக்கு. அது மூன்று நாள் பழையது, நீலம் இன்னும் மாறவில்லை. அதற்கு மேலே முழங்கைப் பக்கம் ஒன்று மஞ்சளாகியிருந்தது, அதற்குப் பத்து நாள் இருக்கும். அவள் சட்டென்று சட்டையை இழுத்துவிட்டாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா, குனிந்து அந்த ஆறிப்போன கறியைத் தின்றேன். நாலு பேர் இருக்கிற இடம், மாப்பிள்ளைக்குப் பதவி கிடைத்த நாள், வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன். மற்றதெல்லாம் அப்புறம், அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் என்னை நான் அதிகம் திட்டிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை இரண்டாவது டாக்கோவைக் கடித்தார், அது உடைந்து சிவப்புச் சாஸ் முழுக்க வெள்ளைச் சட்டையில் கொட்டியது. பரிமாறுகிற அம்மாளைக் கூப்பிட்டார். நாற்பது வயசு இருக்கும், பாவம், காலையிலிருந்து நின்ற களைப்பு முகத்திலேயே தெரிந்தது. மன்னிச்சிடுங்க சார், வேற போட்டுத் தரச் சொல்றேன் என்று காகிதத் துண்டை நீட்டினாள். அவர் தட்டோடு எடுத்து அவள் முகத்தில் வீசினார். மிளகாய்ச் சாஸ் கண்ணில் பட்டு அந்த அம்மாள் அலறிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடையே எழுந்து நின்றது. குட்டி ஓடிவந்து, விடுங்க, நான் துடைச்சு விடறேன், வாங்க போயிடலாம் என்று அவர் தோளைத் தொட்டாள். புறங்கையால் ஒரு அடி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை தம்பி, ஈயை விரட்டுகிற மாதிரி அடித்தான், அந்தக் கைக்கு அது பழகிப்போன வேலை. (இனிமேல் அவனை மரியாதையாக எழுத எனக்கு வராது.) அவள் வாய் மேஜை விளிம்பில் போய் இடித்தது, முன்பல் ஒன்று பாதியாக உடைந்து விழுந்தது, விரித்திருந்த காகிதமெல்லாம் ரத்தம். அது போதாதென்று அவள் முடியைப் பிடித்து இழுத்து, எல்லாம் உன்னாலதான், உன் வீட்டு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தாலே இப்படித்தான் என்றான்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது. அவன் தாடையில் ஒரு குத்து விட்டேன், என் விரல் எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் பதினேழு நம்பர் இரும்புத் தண்டைப் பிடுங்கி என் புருவத்தில் அடித்தான், அங்கே இப்போது நாலு தையல். மேஜை சாய்ந்தது, இரண்டு பேரும் தரையில் உருண்டோம், அவன் என் காதைக் கடித்தான், நான் அவன் மூக்கை முழங்கையால் இடித்து உடைத்தேன். உன் அம்மா முழங்கால் வலியை எங்கே வைத்துவிட்டு வந்தாளோ, கைத்தடியால் அவன் கணுக்காலில் நாலு போட்டாள், அதில் ஒன்று எனக்கும் விழுந்தது. கடைசியில் அவன் நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றி உட்கார்ந்துவிட்டேன். எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்திருந்த பலகை எங்கள் பக்கத்தில் விழுந்து கிடந்தது, கத்தியும் கிடந்தது. உடையாத இரண்டு விரலும் கட்டைவிரலும் தானாகப் போய் அதை எடுத்தன. அவன் கழுத்தில் வைத்தேன். எங்கே வைத்தால் எத்தனை மூச்சில் அடங்கும் என்று தெரிந்தவன் நான், சரியாக அந்த இடத்தில்தான் வைத்தேன். சும்மா மிரட்டுவதற்காக வைத்தேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன்.

அப்போது குட்டி குரல் கேட்டது. வேணாம், விட்டுடுங்க, இனிமே செய்ய மாட்டேன், விட்டுடுங்க என்று. நிமிர்ந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில் சுருண்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, தம்பி. தினமும் அவனிடம் சொல்லிச் சொல்லிப் பாடமாகிப்போன வார்த்தையை அப்பனிடம் சொல்கிறாள். கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு அவளிடம் போனேன், அவள் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டாள். அம்மாதான் தரையில் உட்கார்ந்து, கையை நீட்டிக் கூப்பிட்டு, மெல்ல வெளியே கொண்டுவந்தாள்.

போலீஸ் வந்தது. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மாமனாருக்குப் புத்தி சரியில்லை, காரணமே இல்லாமல் பாய்ந்தார் என்றான். அந்தப் பரிமாறுகிற அம்மாள் ஒரு கண்ணைத் திறக்க முடியாமலே முன்னால் வந்து, பொய் சொல்றான் சார், முதல்ல என்னை, அப்புறம் அந்தப் பொண்ணை, நான் எங்க வேணா வந்து சொல்றேன் என்றாள். அவளை எனக்கு முன்பின் தெரியாது. ஸ்டேஷனில் எனக்காக வந்த வக்கீல் என் காதோடு, கேமரா கல்லாவை மட்டும்தான் பார்க்குது, கத்தி விஷயம் யார் கண்ணிலயும் சரியாப் படலை, நீங்களா வாயைத் திறக்காதீங்க என்றார். நான் திறந்தேன், வைத்ததை வைத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உண்மை பேச உங்களுக்கு இன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா என்று அம்மா திட்டினாள். அதனால் வழக்கு அவன் மேலும் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. உள்ளே போக வேண்டி வந்தாலும் வரலாம், உனக்கு மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் போலீஸ் பக்கத்தில் உட்கார்ந்து குட்டி சொன்னதை எழுதிக்கொண்டார். கல்யாணமான நான்காவது மாதமே ஆரம்பித்துவிட்டதாம். இஸ்திரிப் பெட்டியின் ஒயரால், கதவிடுக்கில் விரலை வைத்து, ஒருமுறை குளியலறைத் தொட்டியில் தலையை அமுக்கி. நீளமான பட்டியல், உனக்கு இவ்வளவு போதும். எல்லாம் முடிந்தபின் நான் கேட்டேன், ஏன்டா கண்ணு எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலை என்று. அவள் வீங்கின வாயோடு சொன்னது இது: உங்ககிட்டயாப்பா? அண்ணனை நீங்க சைக்கிள் டியூபால அடிச்சப்போ நான் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். ஒருத்தர் அடிச்சா வீட்ல மத்தவங்க பேசக்கூடாதுன்னு நம்ம வீட்லதான் கத்துக்கிட்டேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உனக்கு அப்போது பதினைந்து வயசு. கடைத் தராசைக் கீழே போட்டு உடைத்தாய். அன்று எனக்கு வேறு யாரிடமோ கோபம், அதை உன் மேல் இறக்கினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று சொன்னாயாம், உன் வாத்தியார் என்னிடம் வந்து, பையனைச் சைக்கிளை மெதுவா ஓட்டச் சொல்லுங்க என்றார். சரி சார் என்றேன். உன் இடது காது அதற்குப் பிறகு மந்தம் என்று எனக்குத் தெரியும், போனை நீ வலது காதில்தான் வைப்பாய் என்பதும் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை. நீ இவ்வளவு தூரம் போய் வேலை தேடிக்கொண்டதற்கு அது காரணமா என்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கவும் உரிமை இல்லை. நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டால் அதுவும் நியாயம்தான், அதற்காக நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

போன புதன்கிழமை குட்டி புருஷனின் அண்ணன் இரண்டு ஆட்களோடு கடைக்கு வந்தான். புகாரை வாபஸ் வாங்கு, இல்லைன்னா கடை இருக்காது என்று கத்திக்கொண்டே கண்ணாடிப் பெட்டியை உடைத்தார்கள், கறி மாட்டுகிற கொக்கிக் கம்பியை வளைத்தார்கள், அதே கம்பியால் ஒருத்தன் என் தோளில் இரண்டு வைத்தான். பெரிய கத்தி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை நீங்க கையை ஓங்கினா இந்த வீட்டையும் விட்டுப் போயிடுவேன்ப்பா என்று குட்டி சொல்லியிருந்தாள், அதனால் நின்றேன். சத்தம் கேட்டு அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள், கையில் போன், மறுமுனையில் அந்தப் பெண் போலீஸ். கறி வாங்க வந்தவர்கள் பத்துப் பேர் வாசலில் நின்றார்கள். அவள் உடைந்த பல்லோடு, என் புகார்தானே வேணும், வாங்க, இத்தனை பேர் இருக்காங்க, உங்க தம்பி என்ன செஞ்சான்னு முதல்லேருந்து சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் உடைங்க என்று ஆரம்பித்தாள். ஒயர் வரைக்கும்தான் வந்திருப்பாள், அந்த இரண்டு ஆட்களும் கம்பியைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்கள். அண்ணன்காரன் வண்டி ஏறுவதற்குள் போலீஸ் வந்து பிடித்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவள் படியில் உட்கார்ந்தாள், புகாரை வாபஸ் வாங்கவில்லை, வாங்கவும் மாட்டாளாம். பதினான்காம் தேதி கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பரிமாறுகிற அம்மாளும் வருகிறாள்.

குட்டி இப்போது உன் அறையில்தான் இருக்கிறாள். வந்த நாளிலிருந்து பகலிலும் உள்ளே தாழ்ப்பாள் போட்டு, கதவுக்கு நாற்காலியும் முட்டுக்கொடுத்துத்தான் படுக்கிறாள், தட்டினால் முதலில் யார் என்று கேட்பாள், நான் என்று தெரிந்தால் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுப் போனவள் கதவைச் சும்மா சாத்திவிட்டுத் தூங்கிப்போனாள். காற்றில் அது பாதி திறந்துகொண்டது. நானும் அம்மாவும் அந்தப் பக்கம் போகாமல், பாத்திரச் சத்தம்கூட வராமல், அவள் எழுந்திருக்கிற வரைக்கும் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

நீ கோபத்தோடு வருவதாக இருந்தால் வராதே, அவனுக்குப் போனும் போடாதே. தங்கையைப் பார்க்க வருவதாக இருந்தால் நாளைக்கே வா. எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் அவளுக்கு எழுது, அவள் உன் கடிதத்துக்காகக் காத்திருக்கிறாள். காது டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடு, இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன் என்று தள்ளிவிடாதே. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், யாருக்கும் பயப்படாமலும் யாரையும் பயமுறுத்தாமலும் நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா