கை நழுவும் கனவு

அன்புள்ள அருளு,

கனவு இன்னும் வருகிறது. நீ முதலில் கேட்பது இதைத்தான் என்பதால் இதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நான் பீளமேட்டில் நம் மகள் ஜெனியின் வீட்டில் இருக்கிறேன். மதுக்கரை வீட்டைப் பூட்டச் சொல்லி அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். மாதம் ஒருமுறை உன் கல்லறைக்கு வந்து புல்லைப் பிடுங்கிவிட்டுப் போகிறேன். அங்கே நின்று பேச எனக்கு வாய் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

என்ன கனவு என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கிணற்றில் ஒருவர் இறந்துபோனார் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். மீதியை இப்போது சொல்கிறேன்.

தீயணைப்பு நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. ஜெனி கைக்குழந்தை. ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரைப் பார்க்க இறங்கியவர் மீது பக்கச் சுவர் சரிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. நான்தான் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினேன். அவர் நெஞ்சு வரை சேற்றுக்குள் நின்றிருந்தார். உயிரோடுதான் இருந்தார் அருளு. என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது மறுபக்கமும் சரிந்தது. சேறு பூசிய அந்தக் கை என் கைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு போனது.

மேலே நின்ற அவர் மனைவி, "ஏனுங்க, புடிச்சுட்டீங்களா? புடிச்சுட்டீங்களாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என்னை மேலே இழுத்துப் போட்ட பிறகும் கேட்டார்.

என் மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அது தெரியும். கனவுக்குத்தான் தெரியவில்லை.

நான் அலறிக்கொண்டு எழும்போதெல்லாம் நீ விளக்கைப் போடுவாய். இறுகிக் கிடக்கும் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பாய்.

"காலைக் கீழ வைங்க."

"வெச்சுட்டேன்."

"தரை சில்லுன்னு இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அப்ப இது நம்ம ஊடு. படுங்க."

பிறகு நீ வேலை பார்த்த பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாய். "நாளைக்குக் கொண்டக்கடலை போடோணும். ஊற வெக்கச் சொல்லிப்போட்டு வந்தேன், அந்தப் புள்ள வெச்சாளோ என்னமோ." கடலை ஊறியதா இல்லையா என்று கேட்டுக்கொண்டே நான் தூங்கிப்போவேன்.

நீ போன பிறகு கனவு மாறிவிட்டது. கிணறு அதேதான். மேலிருந்து கேட்கும் குரலும் அதேதான். நழுவுகிற கைதான் வேறு. புறங்கையில் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ஒட்டிய பிளாஸ்டர் இருக்கிறது. உன் கை. தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் வெளிய இருங்கய்யா" என்று நர்ஸ் சொன்னார். எழுந்து வந்தேன். அடுத்து உள்ளே கூப்பிட்டபோது நீ இல்லை.

இந்த வீட்டில் சுவர்கள் மெல்லியவை. அலறினால் மாப்பிள்ளைக்குக் கேட்குமே என்று கூச்சமாக இருந்தது. ஸ்டீபனை உனக்குத் தெரியும். வந்து இத்தனை வருஷமாகியும் என் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்காராத பையன். அதனால் நான் படுப்பதையே விட்டுவிட்டேன். ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இருவரும் வேலைக்குக் கிளம்பும்போது, நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் மாதா கோயிலுக்குப் போய்விடுவேன். பகலில் அங்கே ஆள் இருக்காது. கடைசி பெஞ்சில் சாய்ந்துகொண்டால் கண் சொருகிவிடும்.

ஒரு நாள் அங்கேயே கனவு வந்துவிட்டது. மாதா சொரூபத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பயந்து வெளியே ஓடியிருக்கிறார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை என்னைத் தட்டி எழுப்பியபோது நான் தரையில் கிடந்தேன். பெஞ்சின் காலைப் பிடித்திருந்தேன். என் போனை வாங்கி அவர்தான் ஸ்டீபனைக் கூப்பிட்டார்.

ஸ்டீபன் ஆபீசிலிருந்து பைக்கில் வந்தார். என்னை ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார். டீயைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"மாமா, நீங்க ராத்திரி தூங்கறதே இல்லீன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. கதவுச் சந்துல லைட்டு தெரியுது. கேட்டா சங்கடப்படுவீங்கன்னு ஜெனி கேக்க வேண்டாம்னு சொல்லிப்போட்டா."

அதற்கு மேல் எனக்கு மறைக்கத் தெரியவில்லை. பஸ் சத்தத்துக்கும் ஹாரன் சத்தத்துக்கும் நடுவே, உன்னிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொன்னேன். சேறு, கை, மேலே கேட்ட குரல், பிளாஸ்டர் ஒட்டிய உன் கை. டீ ஆறிவிட்டது. நான் முடித்ததும் ஸ்டீபன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவரு பேரு என்னங்க மாமா?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. "மாணிக்கம்" என்றேன். அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ரோட்டோரத்தில், பட்டப்பகலில், மாப்பிள்ளை முன்னால் அழுதேன் அருளு. அவர் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், போகிறவர் வருகிறவர் பார்வை என் மேல் படாதபடி.

"இனிமே படுத்தே தூங்குங்க. கத்துனா கத்துங்க மாமா. நாங்க எந்திரிச்சு வாரோம். அதுலென்னங்க இருக்குது?"

அதன்பின் கட்டிலில்தான் படுக்கிறேன். ஸ்டீபன் ஒரு டாக்டரிடமும் கூட்டிப்போனார். நீ உயிரோடு இருந்தபோது எத்தனையோ முறை கூப்பிட்டாய், வரமாட்டேன் என்றேன். இப்போது போய்க்கொண்டிருக்கிறேன். கனவு நிற்கவில்லை. முன்னைவிடக் குறைந்திருக்கிறது. வந்தால் அவர்களில் யாராவது ஒருவர் தண்ணீரோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்காருகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். கோயிலில் பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு ஜெனி சோபாவிலேயே படுத்திருந்தாள். ஸ்டீபன் வெளியே போயிருந்தார். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று "அம்மா, அம்மா" என்று ஒரு குரல். அவளா அது என்று எனக்கே சந்தேகம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

நான் யாரையும் இப்படித் தேற்றியதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தலையில் கை வைத்தேன். நீ என்னிடம் கேட்காததை நான் அவளிடம் கேட்டேன்.

"என்ன கண்ணு கண்டே?"

"அம்மா சத்துணவுக் கூடத்துல நிக்கறாங்கப்பா. கூப்புடறேன், திரும்பியே பாக்க மாட்டேங்கறாங்க. ரொம்ப நாளா இதே கனவுதானுங்கப்பா."

"எங்கிட்ட ஏன் சொல்லுல?"

"நீங்களே தூங்காம இருந்தீங்க. உங்ககிட்டப் போய் எப்படிங்கப்பா சொல்றது?"

அவள் என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். ஆறேழு வயதுக்குப் பிறகு வைத்ததே இல்லை. சிறிது நேரம் கழித்து, "அம்மாவுக்குக் கெட்ட கனவு ஏதாச்சும் வருமாப்பா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை அருளு. இத்தனை வருஷம் உன் பக்கத்தில் படுத்திருந்தேன். நீ ஏதாவது கண்டு பயந்து எழுந்திருக்கிறாயா? எழுந்தால் யார் உன்னைத் தேற்றினார்கள்? என்னை எழுப்ப வேண்டாம் என்று நீயாகவே திரும்பிப் படுத்துக்கொண்டாயா?

"தெரியலீயே கண்ணு" என்று மட்டும்தான் அவளிடம் சொல்ல முடிந்தது. அவள் தூங்கிவிட்டாள். கால் மரத்துப்போயிற்று. ஸ்டீபன் கதவைத் திறந்துகொண்டு வந்து எங்களைப் பார்த்தார். நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் சத்தமில்லாமல் சமையலறைப் பக்கம் போனார். வெயில் தாழும் வரை நான் அசையவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் கனவை இனி இந்த வீட்டில் மறைக்க மாட்டேன். நம் மகள் எந்த நேரத்தில் பயந்து எழுந்தாலும், கூப்பிடும் தூரத்தில் நான் இருப்பேன். நீ அங்கே நிம்மதியாகத் தூங்கு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்,
நம் ஜெனியின் அப்பா