ஜெபம் என்று நான் சொன்னது

இன்று காலை எங்கள் அல்வால் சந்தில் தள்ளுவண்டிக்காரன் கறுப்புத் திராட்சை கொண்டுவந்தான். மருமகள் ஒரு கிலோ வாங்கிக் கழுவி வடிதட்டில் போட்டுவிட்டு ஆபீஸ் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். நான் சமையலறைக்குள் போனேன். அந்தப் புளிப்பு வாசனை முகத்தில் வந்து மோதியதும் உன் பக்கத்தில் நிற்பது போலவே ஆகிவிட்டது. ஒரு பழத்தைக்கூட வாயில் போட முடியவில்லை. காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். என் எழுத்து உனக்குத் தெரியும், கோணல்மாணலாகத்தான் இருக்கும்.

மாதத்தின் முதல் ஞாயிறு கோயிலில் திருவிருந்து. அதற்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் மெட்டுகுடாவில் உன் வீட்டு அடுப்பில் நாம் இருவரும் அதற்கான திராட்சை ரசம் காய்ச்சுவோம். பழத்தை மசிப்பது நான், வெள்ளைத் துணியில் வடிகட்டுவது நீ. நான் இன்னொரு கரண்டி சர்க்கரை போடப் போனால் கையைத் தட்டிவிடுவாய். "இது ஜூஸ் கடையா அக்கா? நக்கோ!" என்பாய். ஊரைவிட்டு வந்து இத்தனை காலமாகியும் வேண்டாம் என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் இந்த ஊர்க்காரியாகவே சொல்லுவாய்.

என் பெருமை எதில் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரின் பெண்சாதி. நம் மாதர் சங்கத்தில் டீச்சர்கள் இருந்தார்கள், பி.ஏ. படித்தவர்கள் இருந்தார்கள். அவர்களெல்லாம் ஜெபத்தைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். நான் கண்ணை மூடினால் போதும், குழாய் திறந்தது போல வரும். நான் ஜெபித்தால் நாலு பேராவது அழுவார்கள். என் மகன் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை இல்லை. "நீங்க ஆரம்பிச்சா ஆண்டவரே நாற்காலி போட்டு உக்காந்துருவாரு அக்கா" என்று நீ கேலி செய்வாய். நான் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன் அப்படி ஒரு சனிக்கிழமை நீ துணியைப் பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய்.

"பியூலா வந்தது லீவுக்கு இல்ல அக்கா. அவரு திருப்பி அனுப்பிட்டாரு."

உன் ஒரே மகள். மாப்பிள்ளைக்கு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. நம் சபையில் முதன்முதலில் அமெரிக்கா போன பெண் அவள்.

"எதுக்குடி அனுப்பினான்?"

"ஏதோ சண்டை. பெரியவங்க பேசிட்டு இருக்காங்க. கிறிஸ்மஸுக்கு அவரே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காரு. அது வரைக்கும் யார் காதுலயும் விழக் கூடாது. அவங்க அம்மா மானம், மரியாதைன்னு குதிக்கிறவங்க."

"என் வாயிலேர்ந்து வருமா? போடி பைத்தியக்காரி."

ஐந்து நாள்தான். வியாழக்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டம், தலைமையாசிரியையின் வீட்டில். அன்றைக்கு அந்த அம்மாள் எனக்கு முன்னால் ஜெபித்தார்கள். காகிதம் இல்லாமல் ஜெபித்தார்கள். எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். கடைசி முறை என்னுடையது. ஆரம்பித்தேன், ஓடவில்லை. வழக்கமான சொற்களைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒரு விசும்பல்கூட இல்லை. யாரோ வளையலைச் சரிசெய்யும் சத்தம் கேட்டது. அப்போதுதான் என் வாய் அதைச் சொன்னது. "ஆண்டவரே, புருஷனால் தள்ளப்பட்டு, கடல் கடந்து கண்ணீரோடு திரும்பி வந்திருக்கிற எங்கள் மகள் பியூலாவை நினைத்தருளும்."

அறை முழுக்க அழுதது. நானும் அழுதேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது எல்லாரும் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ பாயின் கோரையை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தாய்.

உன் சம்பந்தியம்மாளின் ஒன்றுவிட்ட தங்கை அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவள் யார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இத்தனை வருடமாக, அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது உன்னிடம் எழுதுகிறபோது அப்படி எழுத வரவில்லை.

கிறிஸ்மஸுக்கு மாப்பிள்ளை வரவில்லை. 'எங்க பேரை ஜெபக் கூட்டத்துல சந்தி சிரிக்க வச்சுட்டீங்க' என்று சம்பந்தியம்மாள் ஒரே ஒரு முறை போனில் பேசினாளாம். அதோடு கதவு அடைபட்டது. நான் சொல்லாமல் இருந்திருந்தால் அவன் வந்திருப்பானா? அது ஆண்டவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது என்பதுதான் என்னைத் தின்கிறது.

அதற்குப் பிறகும் நீ சனிக்கிழமை அடுப்பைப் பற்றவைத்தாய். நானும் வந்து பழம் மசித்தேன். பேச்சு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் எழுந்து முன்னால் போனார்கள். நம் கையால் காய்ச்சிய ரசம். நான் போய் முழங்காலிட்டு வாங்கினேன். நீ பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாய். ஒரு மாதம் அல்ல, இரண்டு மாதம் அல்ல. 'மகள் வாழாவெட்டியா வந்துட்டா, அதான் வெக்கப்படுது' என்று பின்பெஞ்சில் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் உன்னை வழிமறித்தேன்.

"ஏண்டி எழுந்து வர மாட்டேங்கற? ஊர் பேசுது."

"உங்க மேல கோபமா இருக்கேன் அக்கா. அதை வச்சுக்கிட்டு அங்க போய் கை நீட்டக் கூடாது."

"நான் என்ன பழியா சொன்னேன்? ஜெபம்தானே பண்ணேன்!"

 "மன்னிப்பு வரலைன்னா வரலைன்னு ஆண்டவர்கிட்ட சொல்லணும். வந்த மாதிரி நடிக்கக் கூடாது. தினமும் கேட்டுட்டுத்தான் இருக்கேன். நீங்க போங்க அக்கா."

குற்றம் செய்தவள் விருந்தில் இருந்தேன், காயம்பட்டவள் வெளியே இருந்தாய். அது எவ்வளவு தலைகீழ் என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. 'என்ன வீறாப்பு பாரு' என்றுதான் வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

ஈஸ்டர் வந்தது. நான் முன்னால் முழங்காலிட்டிருந்தேன். பக்கத்தில் ஒரு சேலை உரசியது. உன்னுடைய நீலக் கரைப் புடவை. நீ என்னைப் பார்க்கவில்லை.  கிண்ணம் எனக்கு வந்து, பிறகு உனக்குப் போனது. வெளியே வந்ததும், "அக்கா, வர்ற சனிக்கிழமை பழம் நீங்க வாங்கிட்டு வாங்க. போன தடவை வண்டிக்காரன் ஏமாத்திட்டான்" என்றாய். அவ்வளவுதான். நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. நீ மன்னித்து முடித்துவிட்டாய்.

அதை அன்றைக்கு நான் என் வெற்றியாக எடுத்துக்கொண்டேன். 'பாத்தியா, தானா வழிக்கு வந்துட்டா' என்று நினைத்தேன். சிலுவையில் தொங்கிக்கொண்டே ஆண்டவர் மன்னித்தாரே, கீழே நின்றவர்களில் ஒருவனாவது கேட்டானா? அந்த வசனத்தின் மேல் எத்தனையோ தடவை ஜெபித்து ஜனங்களை அழவைத்திருக்கிறேன். கீழே நின்றவர்களில் நானும் ஒருத்தி என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கிருபை என்று இதைத்தான் சொல்கிறார்கள் என்றால், அது வாங்கிக்கொள்வதற்கு இனிப்பாக இல்லையடி. வயிற்றில் கல் போல இருக்கிறது.

நீ படுத்த படுக்கையாக இருந்த மாதத்தில் தினமும் வந்தேன். கஞ்சி ஊட்டினேன், கால் பிடித்துவிட்டேன், நீளநீளமாக ஜெபித்தேன். கேட்க வேண்டியதை மட்டும் கேட்கவில்லை. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. இந்தச் சனிக்கிழமை உன் வீட்டில் நினைவு ஜெபக் கூட்டம். போன வாரம் பியூலா போன் பண்ணினாள். ஹைடெக் சிட்டியில் அவளுக்கு இப்போது பெரிய வேலை, அந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். "பெரியம்மா, அம்மா பத்தி நீங்கதான் பேசணும். அம்மாவுக்கு நீங்கன்னா ப்ராணம். நான் வந்து நின்னப்போ ஊரே பேசிச்சு, நீங்க மட்டும்தான் எங்ககூட நின்னீங்களாம். அம்மா சொல்லியிருக்காங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ அவளிடம் என் பேரைச் சொல்லவே இல்லை. எட்டு வருடம், கூடவே இருந்த மகளிடம், அன்றைக்கு ஜெபித்தது யார் என்று சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றினாயா, அவளைக் காப்பாற்றினாயா?

ஆறு நாள் தூக்கம் இல்லை. கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் அறிக்கை பண்ணிவிடலாமா என்று நினைத்தேன். சபை அழும். என்னைப் புகழக்கூடச் செய்யும். ஆனால் மறுபடியும் அந்தப் பெண்ணின் கதைதானே நடுவீட்டில் வந்து விழும்? என் வாய்க்கு அதுவும் ருசிக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் நேற்று அவள் ஆபீஸ் இல்லாத நாளாகப் பார்த்து, ஆட்டோ பிடித்துத் தனியாக மெட்டுகுடா போனேன்.

ஜெபம் இல்லாமல், கண்ணை மூடாமல் சொன்னேன். "அன்னைக்குக் கூட்டத்துல உன் பேரைச் சொன்னது நான்தாம்மா. எல்லாரையும் அழவைக்கணும்னு சொன்னேன். எனக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன்."

அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, அணைக்கவில்லை. நான்தான் எழுந்து அணைத்தேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவ பக்கத்துலதான் உக்காந்திருந்தா."

"அம்மாகிட்ட ஸாரி சொன்னீங்களா?"

"இல்ல."

"ஏன் பெரியம்மா? பக்கத்துலயே இருந்தாங்களே. ஏன்?"

என்ன சொல்வேன்?  அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள். அழுதாளா என்று தெரியவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். வாசல் கேட்டுக்கு வந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"சாட்டர்டே நீங்க பேச வேண்டாம் பெரியம்மா. ஜெபமும் பண்ண வேண்டாம்."

"சரிம்மா."

கதவைப் பாதி சாத்திவிட்டு மறுபடியும் திறந்தாள்.

"ஆனா வாங்க."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. உன் மகள், வராததை வந்த மாதிரி நடிக்கமாட்டாள். உன்னிடம் கேட்காததை இனி எந்த ஊரில் வந்து கேட்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. 'ஆனா வாங்க' என்ற அந்த இரண்டு வார்த்தையைத்தான் நேற்றிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை போவேன். கடைசிப் பாயில் உட்காருவேன். வேறு யார் ஜெபித்தாலும் ஆமென் மட்டும் சொல்லுவேன்.